லூர்துராஜ் அண்ணன் மறைத்த பழுது

செய்தி வந்தபோது குன்னூர் கடையில் ஒரு மடிக்கணினியைப் பிரித்து வைத்திருந்தேன். லூர்துராஜ் அண்ணனின் மகள் செலின் பேசினாள். "அக்கா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். கோயிலுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டியவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், அப்படியே சாய்ந்துவிட்டார். கழற்றிய திருகுகளை அன்று எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவரைக் கடைவீதியில் எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள். கப்பல்களில் மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். மனைவி நோயில் விழுந்ததும் ஊர் திரும்பி, என் கணினிப் பழுதுக் கடையின் பின்பாதியில் ஒரு மேசை போட்டார். மீன்பிடிப் படகுகளின் ரேடார்கள் பார்சலாக மலையேறி அவரிடம் வந்தன. கடலே இல்லாத ஊரில் இது என்ன தொழில் என்று கேட்பவர்களிடம், "கடலோரமா இருந்தா உப்புக்காத்துல எம்பட மீட்டரே கெட்டுப் போயிருமுங்க" என்பார்.

படகின் கம்பத்து உச்சியில் ரேடார் இருக்கும். அதிலிருந்து இறங்கும் கேபிள்களில் ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று படத்தைக் கீழே கணினிக்குக் கொண்டுவர. கேபிள்கள் அவர் பொறுப்பு, கணினி என் பொறுப்பு. திரையில் படம் வரவில்லை என்றால் எங்களுக்குள் சண்டை. "நசீமாம்மா, எம்பட பக்கம் சுத்தமா இருக்குது. உங்க கம்ப்யூட்டரைக் கேளுங்க" என்பார். ஒருமுறை அரைநாள் வாதாடிய பிறகு, திசைகாட்டியிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்களை அவரே இடம் மாற்றி இணைத்திருந்தது தெரிந்தது. எழுந்து போய் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். எங்களுக்குள் மன்னிப்பு என்பது அவ்வளவுதான்.

பழுது நீக்கியதை மொட்டை மாடியில் ஓட்டிப் பார்ப்போம். பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடியிருந்தாலும் எதிர்மலையின் விளிம்பு திரையில் வரும். "சும்மா இருக்கறப்ப எல்லா வயரும் நல்ல வயருங்க. வேலை குடுத்தாத்தான் தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

குமரிக் கடற்கரைப் படகு ஒன்றின் ரேடாரையும் அப்படித்தான் ஓட்டிப் பார்த்து அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து, மழை மூட்டத்தில் நடுக்கடலில் அந்தத் திரை அணைந்துவிட்டது. பெரிய கப்பல் ஒன்று கிட்டே வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. படகை வெட்டித் திருப்பினார்கள். கப்பல் மோதவில்லை, ஆனால் மேல்தளத்தில் நின்ற ஒருவர் கடலில் விழுந்தார். உடல்தான் கரைக்கு வந்தது. படகுக்காரர் தொலைபேசியில் கத்தினார்: "நீரு பாத்துக் குடுத்த ரேடார்தான்வே ஆளக் கொன்னுச்சு."

அண்ணன் மறுநாளே கிளம்பினார். கணினியைப் பார்க்க நானும் போனேன். படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. ரேடார் சும்மா நிற்கும்போது மீட்டரில் மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. நான் கணினியிலிருந்து அதைச் சுழலவிட்டு அலையை அனுப்பியதும் அழுத்தம் சரிந்தது. "அண்ணா, படம் போயிருச்சு" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தேன். அவர் கம்பத்தின் அடிமூடியைக் கழற்றி, கேபிளை மெல்ல உருவினார். டேப் சுற்றிய ஒரு முடிச்சு வெளியே வந்தது. கேபிள் முனையின் பிளக் கம்பத்துத் துளையில் நுழையவில்லை. அதனால் யாரோ கேபிளை வெட்டி உள்ளே விட்டு, கையால் முறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். உப்புநீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தது; ரேடார் வேலை செய்யத் தொடங்கியதும் மின்சாரம் அங்கேயே தடைபட்டிருக்கிறது.

"இத யாருங்க மாட்டினது?" என்று பக்கத்தில் நின்ற படகுத் தொழிலாளியிடம் கேட்டேன்.

"கடல்ல விழுந்து செத்துப்போன அண்ணன்தான். வயர் வேலையெல்லாம் அவருதான் பாப்பாரு" என்றார்.

கரையில் படகுக்காரர் காத்திருந்தார். சற்றுத் தள்ளி இறந்தவரின் மனைவி நின்றிருந்தார். என்ன பழுது என்று அந்தப் பெண்தான் கேட்டார். அண்ணன் அவரைப் பார்த்தே சொன்னார்: "இணைப்புல உப்புத்தண்ணி எறங்கியிருக்குதுங்க. நான் இன்னும் கெட்டியா அடைச்சு அனுப்பியிருக்கோணும்." உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதோடு நின்றுவிட்டேன்.

பேருந்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க பேரு போகுதே அண்ணா" என்றேன்.

"உங்க ஊட்டுக்காரர் கையாலயே இது ஆச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்றது?"

"நாளைக்கு வேற படகுல இதே மாதிரி எவனாவது வெட்டுவான். அப்ப?"

மேட்டுப்பாளையம் நெருங்கும்போது சொன்னார்: "அதுதான் எனக்கும் உறுத்துதுங்க. கம்பத்துல ஓட்டை எவ்வளவு பெருசுன்னு நாம கேக்கவே இல்லியே. மாடியில வச்சுப் பார்த்தோம், அனுப்பிட்டோம்."

அதன்பிறகு அவர் பழைய மனிதராக இல்லை. பார்சல்கள் குறைந்தன. கடற்கரை ஊர்களில் அவர் பெயர் கெட்டது, அந்தப் பேச்சு நம் கடைவீதி வரைக்கும் வந்தது. ஈயம் பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். வந்த சில வேலைகளில் கேபிளை வெட்டக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். படகுக்காரர்கள் அதைக் கம்பத்தில் ஏற்றி, ஓட்டி, படம் வரும்வரை தொலைபேசியை வைக்க மாட்டார். தம்மிடம் வராத படகுகளுக்கு யார் சொல்வது என்று மட்டும் புலம்புவார். அவர் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. அவர் செய்தது சரியா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடக்கத்துக்கு, கடலில் இறந்தவரின் மனைவி குமரியிலிருந்து வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துப் படியில் என்னை நிறுத்தினார். "வயர வெட்டுனது எங்க வீட்டுக்காரருதான். மாட்டிட்டு வந்த அன்னைக்கே வீட்டுல சொன்னாவ. உங்க அண்ணன் கரையில அப்படிச் சொன்னப்போ எனக்கு வெளங்கிட்டு. ஆனா ஊரு முன்னால வாயத் தொறக்க முடியல."

நான் பேசினால் கடுமையாக ஏதாவது வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"இப்ப சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயரையும் அவர் கணவர் பெயரையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அண்ணனின் வேலையைச் சந்தேகித்தவர்கள் இதைப் படிக்க வேண்டும். படகில் ரேடார் மாட்டுகிறவர்களும் படிக்க வேண்டும்.

செலின் அண்ணனின் கைப்பேசியை என்னிடம் கொடுத்திருக்கிறாள். விவரம் தெரியாத படகுக்காரர்கள் இன்னும் அழைக்கிறார்கள். இறந்துவிட்டார் என்கிறேன். பிறகு தயங்கித் தயங்கிப் பழுதைச் சொல்கிறார்கள். வயர்களைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் கணினி சரியாக இருக்கிறது, மற்றது என் வேலையல்ல என்று சொல்லிக் கைப்பேசியை வைக்க என்னால் முடிவதில்லை. அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த உறுத்தல்தான்.