புரட்டாசியில் போட்ட தக்காளி

போன புரட்டாசியில் சாரல் ஓய்ந்து வெயில் ஏறியதும், இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஐந்து சென்ட்டைக் கொத்தினேன். ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடக் கூடாதென்று பாத்திகளை ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். தக்காளிக்கு நாற்றங்கால், பக்கத்தில் தண்டுக்கீரை, ஓரத்தில் கொத்தமல்லி. மல்லி விதையைத் தரையில் போட்டுத் தேய்த்து, இரண்டாக உடைத்துத் தந்தாள் என் மனைவி. அவள் கால்கள் வீங்கியிருந்தன. நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதிக்கிறவள். அதனால்தான் என்று இருவருமே நினைத்தோம்.

நாற்று விரல் உயரம் வந்திருந்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது. தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். இனி வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாமா என்று கேட்டேன். அவள் இதயம் தாங்காது என்றார் டாக்டர். கிளம்பும்போது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் என்பதால் சாப்பிடக் கூடாதவை. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். முதலில் தக்காளி, அடுத்து கீரை, கொஞ்சம் தள்ளி மல்லித்தழை. என் பாத்திகளைப் பார்த்தே யாரோ எழுதியிருந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கம் போய் நாற்றைப் பிடுங்கத் தொடங்கினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்ன செய்யுதீய?"

"நீ திங்கக் கூடாதுல்லா. பெறவு யாருக்கு இது?"

"நான் திங்கலன்னா ஊர்ல ஒருத்தரும் திங்க மாட்டாங்களா? பிடுங்குனத நட்டு வைங்க."

நட்டேன். அவள் சொன்னதற்காக மட்டும். ஆனால் அப்படி ஒரு காய்ப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. புழு இல்லை, இலைச்சுருட்டு இல்லை. கொட்டிய மழையெல்லாம் பாத்தியில் நிற்காமல் வடிந்தது. கீரை அறுக்க அறுக்கத் துளிர்த்தது. பை பையாக அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். "உங்க கைராசி அண்ணாச்சி" என்பார்கள். காலிப் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அடுக்களையில் அவளுக்கென்று பீன்ஸை இரண்டு தடவை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, உப்பில்லாமல் எடுத்து வைப்பேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

மார்கழியில் ஒரு நாள் காலை, பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அவளை வீட்டுக்குள் காணவில்லை. பின்னால் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த பழம். தாடையில் சாறு வழிந்திருந்தது.

"ஏட்டி, உனக்குச் சாவணுமா?" என்று கத்திக்கொண்டே அதைத் தட்டிவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. நாக்குல ருசியே இல்லாமப் போச்சு."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவித்தேன். வாசற்படியில் நின்று பார்த்தாள். இந்தத் தடவை தடுக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸின்போது பயந்துகொண்டே டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்: "பொட்டாசியம் அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. எப்பவாவது ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆயிராது. ஆசைப்பட்டா கொடுங்க."

கடையில் ஒரு கிலோ வாங்கிப்போய் அவள் முன்னால் வைத்தேன். "வேண்டாங்க, ஆசை போயிட்டு" என்றாள். எவ்வளவோ கெஞ்சினேன். கையில்கூட எடுக்கவில்லை. பங்குனியில் இதயம் நின்று இறந்துபோனாள்.

இந்தப் புரட்டாசியில் அடுத்த வீட்டுக்காரர் ஒரு கட்டு கத்தரி நாற்றைக் கொண்டுவந்து, "சும்மா கிடக்க நெலந்தான, நட்டு வைங்க" என்று துவைகல்லில் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அது வாடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிக்கக்கூட எழுந்து போகவில்லை.