கழுவாத கம்பளி

தெரேஸ் அப்பாவு எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கியூர்பிப்பில் எங்கள் தெருவின் கோடியில், பச்சைத் தகரக் கூரை போட்ட வீடு. இந்த மார்ச் மாதம் எங்கள் தீவு நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொடி ஏறிய அன்று, ஊரில் பாதி கொண்டாடத் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனது, மீதிப் பாதி பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தெரேஸ் இரண்டும் செய்யவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து யாரோ வீடில்லாதவனுக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவள் சூனியக்காரியாம், செத்தவர்களைக் கூப்பிடுகிறாளாம். வேலையற்ற வாய்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவள் நான்தான், சொல்கிறவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில். அவளுக்குத் தமிழில் அக்கா, அண்ணன் என்ற முறைகள் தெரியும், அதற்கு மேல் கிடையாது. என் அப்பா கோயில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதனால் எனக்கு இந்த அளவுக்காவது கை வருகிறது. அவள் பேசியதை என் தமிழில் போட்டிருக்கிறேன்.

தெரேஸ் பிறந்தது கான் தெ மாஸ்கில், கரும்பு வெட்டுகிறவர் மகளாக. முப்பத்தேழில் தோட்டங்களில் கலகம் வந்ததே, அப்போது அவள் சின்னப் பெண். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் வாய்கள் அதிகம், சோறு குறைவு. கியூர்பிப்பில் கன்னியாஸ்திரிகளிடம் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே துணி துவைத்தாள், தரை துடைத்தாள், ஓய்ந்த நேரத்தில் பின்னக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் லாரி ஓட்டும் தெசிரேயைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அதற்காக அந்த இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் தெசிரே வீட்டுக்கு வரும் ஓசை எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

அறுபதாம் வருஷம் பிப்ரவரி கடைசியில் கரோல் புயல் அடித்தது. தெசிரே அன்றைக்குத் தேர் ரூஜில், தன் தங்கை மார்லென் வீட்டில் மாட்டிக்கொண்டார். புயலின் கண் தீவுக்கு மேல் வந்தபோது காற்று சுத்தமாக நின்றது. வானம் வெளுத்தது. புயல் முடிந்தது என்று நினைத்துச் சனங்கள் வெளியே வந்து, பறந்துபோன கூரைகளைத் தேடினார்கள். லாரியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவரும் கிளம்பினார். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. லாரி இருந்த இடத்திலேயே கிடைத்தது, கதவு சாத்தியபடி. மனுஷர் கிடைக்கவில்லை.

மார்லென் கறுப்பு உடுத்திக்கொண்டாள். அண்ணன் ஆத்மாவுக்குப் பூசை வைக்க வேண்டும், பெண்சாதி வந்து உட்காராமல் எப்படி வைப்பது என்று ஞாயிறு தவறாமல் வந்து அழுதாள். தெரேஸ் அசையவில்லை. பிணத்தைக் காட்டு, அப்புறம் பூசை என்பதுதான் ஒரே பதில். அவள் கணக்கு வேறு. தகரம் கிகரம் பறந்துவந்து தலையில் பட்டிருக்கும், புத்தி பிசகியிருக்கும், பெயர் மறந்து, வீடு மறந்து, வீடிழந்த கூட்டத்தோடு எங்கேயோ திரிகிறார், திரும்பி வருவார். இதுதான் அவள் நம்பிக்கை. பூசை வைத்தால் தானே அவரைக் குழியில் தள்ளியதாக ஆகிவிடும் என்று பயந்தாள். பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டே சந்தைக்குப் போனாள். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

வீடிழந்த கூட்டம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. தீவு முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் கொட்டகைகளிலும் ஆட்கள். குளிர்காலம் நெருங்கியது. கடற்கரைக்காரர்களுக்கு மேட்டிலிருக்கும் எங்கள் ஊர்க் குளிரைச் சொன்னால் சிரிப்பார்கள். ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் தூறலில் சந்தைத் தாழ்வாரத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும். மருந்துக்கடைக்காரர் மனைவி மதாம் சில்வி மாதா கோயில் கூடத்தில் பெண்களைச் சேர்த்தாள். ஸ்வெட்டர், குல்லாய், குரோஷே போர்வை எல்லாம் பின்னி முகாம்களுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. நானும் போனேன். எனக்குப் பின்னல் சுமாராகத்தான் வரும், பேச்சு நன்றாக வரும்.

புது நூலுக்கு வழியில்லை. வீடுவீடாகப் பழைய கம்பளித் துணி வாங்கிவந்து பிரித்தோம். பிரித்த நூல் சுருண்டு சுருண்டுதான் வரும், பழைய கண்ணிகளின் மடிப்பு அதில் அப்படியே நிற்கும். அதனால் நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, சோப்பு வெந்நீரில் அலசி, அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் நூல் நேராகிவிடும், முன்பு என்னவாக இருந்தது என்று அதற்கே தெரியாது. கழுவாமல் பின்னக் கூடாது என்று மதாம் சில்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

தெரேஸ் பின்னிய ஸ்வெட்டர்கள் அழகானவை. ஆனால் உடம்பு எந்த நிறமாக இருந்தாலும் கழுத்துப்பட்டி மட்டும் காப்பிக்கொட்டை நிறம், அதுவும் முடிச்சு முடிச்சாக, கரடுமுரடாக. மதாம் சில்வி முணுமுணுத்தாள். நான் ஒரு பட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். புகையிலை வாசமும் லாரி எண்ணெய் வாசமும் அடித்தது.

"இந்த நூலை ஏண்டி கழுவல?" என்றேன்.

"கழுவினா அவர் வாசம் போயிடும் அக்கா."

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த தெசிரேயின் குளிர்காலக் கம்பளிச் சட்டையைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்வெட்டர் கழுத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறாள். வீடில்லாத ஆம்பிளைகள் எல்லாருக்கும் பின்னிக்கொண்டே போனால் ஒருநாள் ஒன்று அவர் கையில் கிடைக்கும், தலையில் மாட்டும்போது சொந்த வாசம் மூக்கில் ஏறும், கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும் என்றாள். மதாம் சில்வியிடம் நான் மூச்சு விடவில்லை. நல்ல காரியம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

ஜூலை மாதம் முதல் ஆள் வந்தான். மாலை ஐந்து மணி இருக்கும், மூடுபனி இறங்கித் தெருவின் எதிர்வரிசை மறைந்திருந்தது. தெரேஸ் வீட்டு வாசலுக்கு எதிரே, மூங்கில் வேலி ஓரமாக ஒரு கிழவன் நனைந்துகொண்டு நின்றான். சாம்பல் நிற ஸ்வெட்டர், காப்பிக்கொட்டைக் கழுத்து. நான் குடையை எடுத்துக்கொண்டு போய் என்ன வேண்டும் என்று அதட்டினேன். அவன் என்னைப் பார்த்து விழித்தான். ஃப்ளாக் பக்கத்து முகாமில் இருப்பவனாம். எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "காலு வந்துச்சு மதாம்" என்றான். பயந்திருந்தது அவன்தான், பாவம். தெரேஸ் உள்ளே கூப்பிட்டு டீயும் ரொட்டியும் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சுப்ரமணியனிடம் சொன்னேன். அவர் தபால் அலுவலகத்தில் வேலை, எல்லாவற்றுக்கும் விலாசம் உண்டு என்று நம்புகிறவர். எங்கே ரொட்டி கிடைக்கும் என்று பசித்தவன் மோப்பம் பிடிப்பான், இதில் என்ன அதிசயம் என்று பத்திரிகையைப் புரட்டினார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் இன்னொருவன். இவன் எதிரே நிற்கவில்லை, நேராக வாசற்கதவுக்கு வந்தான். அந்தக் கதவின் கொக்கி ஒரு சனியன். தூக்கினால் மட்டும் திறக்காது, கீழ்ப்பலகையை முழங்காலால் இடித்துக்கொண்டே தூக்க வேண்டும். தெசிரே அப்படித்தான் திறப்பார். பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே அது வராது, பின்பக்கமாகச் சுற்றித்தான் போவேன். ஊர் பேர் தெரியாத இந்த ஆள் பனியிலிருந்து வந்தான், முழங்காலால் ஒரு இடி இடித்தான், கொக்கியைத் தூக்கினான், உள்ளே வந்தான். அந்த ஓசையை நான் என் அடுப்படியிலிருந்து கேட்டேன். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், தெரேஸ் கதவருகே முகமெல்லாம் பூரித்து நிற்கிறாள், எதிரே எவனோ ஒருவன்.

நான் பயந்துவிட்டேன், ஒளிப்பானேன். அன்றைக்கு உப்பும் மிளகாயும் எடுத்து என் வீட்டுக்காரருக்குச் சுற்றிப் போட்டேன், நெற்றி நிறைய விபூதி பூசினேன். தபால்காரருக்கு முத்திரை குத்துகிறாயா என்று கேலி செய்தார். செய்யட்டும்.

மூன்றாவதாக வந்தவனை நான் தெரேஸுடன் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன். படியில் ஏறியதும் செருப்பைக் கழற்றினான், ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறினான், ஜன்னலுக்கு அடியில் மூக்கு தெருவைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்தான், தெசிரே வைக்கிற மாதிரியே. பிறகு தன் வெறுங்காலைப் பார்த்து வெட்கப்பட்டு, எதற்குக் கழற்றினேன் என்று எங்களையே கேட்டான். தெரேஸ் வீட்டு நாய் யாரைக் கண்டாலும் பாயும். அது அவன் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

தெரேஸுக்கு ஒரே சந்தோஷம். முதல் ஆள் எதிரே நின்றான், அடுத்தவன் கதவைத் திறந்தான், இவன் படியேறிவிட்டான், அவர் கிட்டே வந்துகொண்டிருக்கிறார் என்றாள். வழி தெரியாமல் ஒவ்வொருவராக அனுப்பிப் பார்க்கிறார் என்றாள். போதும், நிறுத்திவிடு, எனக்கு இது நல்லதாகப் படவில்லை என்று நான் கெஞ்சினேன். நூல் கொஞ்சம்தான் இருக்கிறது, முடிந்தால் தானாக நிற்கும் என்று ஊசியை எடுத்தாள். அவள் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

கடைசிச் சுருள் ஆகஸ்டில் முடிந்தது. அந்த ஸ்வெட்டர் தேர் ரூஜ் முகாமுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு தினமும் மாலையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நானும் உட்கார்ந்திருப்பேன். தனியாக விட மனசு வரவில்லை.

வந்தான். நடுத்தர வயசு, ஒல்லி, தெசிரே போல ஒரு அடையாளமும் கிடையாது. பனியில் முதலில் அந்தக் கழுத்துதான் தெரிந்தது. அவன் தெருவில் தயங்கவில்லை, கதவில் தயங்கவில்லை, படியில் தயங்கவில்லை. வராந்தாவில் என்னைத் தாண்டிக்கொண்டு, நான் ஒருத்தி இருப்பதே தெரியாதவன் மாதிரி, வீட்டுக்குள் போனான், நான் பின்னாலேயே ஓடினேன். அப்போதுதான் எழுந்துபோய் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த தெரேஸுக்குப் பின்னால் நின்றான்.

"தெத்தே," என்றான். "நான்தான்."

குரல் அவனுடையது, கரகரத்த குரல். ஆனால் தெரேஸ் திரும்பிய முகத்தைப் பார்த்தேனே, அதை நான் மறக்கமாட்டேன். தெத்தே என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திய பிறகு அவர் கூப்பிடுகிற பெயர், மாமியாருக்குக்கூடத் தெரியாது என்று பின்னால் சொன்னாள். அவள் அந்த மனிதனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷம் மெல்ல மெல்ல வடிந்து போயிற்று.

அவனை வராந்தாவில் உட்காரச் சொன்னாள். டீ கலக்கினாள். சர்க்கரையைப் போட்டுக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"நான் தப்பா நெனச்சுட்டேன் அக்கா. அவர் கிட்ட வர்றாருன்னு நெனச்சேன். முழங்கால் ஒருத்தன்கிட்ட வந்துச்சு. செருப்பு ஒருத்தன்கிட்ட. இப்ப என் பேரு இவன்கிட்ட. உசுரோட இருந்தா இதெல்லாம் அவர்கிட்டதானே இருக்கும்?"

அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. மார்லெனுக்குச் சொல்லி அனுப்புங்கள், பூசைக்கு நாள் பார்க்கட்டும், நான் வந்து உட்காருகிறேன் என்றாள். அப்போதுதான் அழுதாள், புயல் அடித்த நாளிலிருந்து முதல் தடவையாக. நானும் அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீயை எடுத்துப்போய் அவனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டான். அவள் போகாமல் அவன் எதிரிலேயே நின்றாள்.

"என்னை எப்படிக் கூப்டீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். நல்ல மனுஷன், மரியாதை தெரிந்தவன். நினைவுபடுத்திக்கொள்ள நிஜமாகவே முயன்றான்.

"நான் எதும் சொல்லலியே மதாம்," என்றான்.