மூன்றாம் பெட்டியில் யாருடைய பெயர்?

பிள்ளைக்குப் பெயர் வைப்பது தாய் தகப்பனின் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரான்சுக்கு வந்து லா சப்பலில் ஃபோட்டோக்கொப்பிக் கடை போட்ட பிறகுதான் அது என் வேலை என்று தெரிந்தது.

கடையில் கல்யாண அழைப்பிதழ் அடிப்போம், பத்திரம் நிரப்பிக் கொடுப்போம். இந்த நாட்டில் பிள்ளை பிறந்து ஐந்து நாளுக்குள் மேரியில், அதாவது நகரசபையில், பெயரைப் பதிந்துவிட வேண்டும். முதற்பெயருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது என்றும் வைக்கலாம். அங்கே போய்த் தடுமாறாமல் இருக்க என்னோடு வேலை செய்யும் மன்னார் ரெஜினா ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறாள். அதில் மூன்று பெட்டிகள். முதற்பெட்டியால் சண்டையே இல்லை. யாழிசை, எழில்நிலா என்று ஆறு மாதம் தேடிய செந்தமிழ்ப் பெயரோடுதான் எல்லாரும் வருவார்கள். அதற்குப் பக்கத்தில் எதை உட்காரவைப்பது என்பதில்தான் வீடு இரண்டாகும்.

இதற்காக நானே இரண்டு சட்டம் போட்டு, வருகிறவர்களிடம் எல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். ஒன்று, பெரியவர்களின் பெயரைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள், உயிரோடு இருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி. இரண்டு, மூன்றாம் பெட்டியைக் காலியாக விடுங்கள், அதை ஒரு சீவனும் வாசிப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கௌண்டரில் உங்கள் பெயரை வாசிக்க மூன்று பேர் கூடிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் சட்டங்களின் நியாயம் புரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாரியில் என் மகள் அபிராமி வயிற்றில் பெண் பிள்ளையோடு இருந்தாள். என் மனைவி தவமணி தவறிப்போய் நாலு வருடம். அவளுடைய பெயர் அந்தப் பிள்ளையின் இரண்டாம் பெட்டியில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை, சாதாரண ஆசை இல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். ரெஜினாவுக்கு மட்டும் சொன்னேன்.

சொலான்ஜ்

வன்னியிலிருந்து வந்து மூன்று வருடமான ஒரு பெடியன். ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவும் வேலை. மகளுக்கு நிறைமதி என்று பெயர். இரண்டாவதாக, பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் பெயரைப் போட வேண்டுமாம். விடியும்வரை பெண்சாதியின் கையை விடாமல் பிடித்திருந்த மனுசியாம். பெயர் என்ன என்று கேட்டேன். சொலான்ஜ் என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி, இப்போது இந்த நாட்டில் பிறக்கிற பிள்ளைக்கு ஒருவரும் அந்தப் பெயர் வைப்பதில்லை, எண்பது வயது மனுசிகளுக்குத்தான் அது இருக்கும், வேறு யோசியும் என்று அறிவுரை சொன்னேன். அவன் பேனையை வாங்கித் தானே பெட்டியில் எழுதினான்.

“எண்பது வயசு வரைக்கும் உயிரோடை இருந்தவையின்ரை பெயர் எண்டால் நல்ல பெயர்தானே, அண்ணை.”

எழில்நிலாவின் அம்மம்மாவும் அப்பம்மாவும்

ஓல்னேயிலிருந்து ஒரு புருசன் பெண்சாதி, கூடவே பெண்ணின் தாய். மூன்று நாள் வயதான எழில்நிலாவை வண்டிலில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்ணின் தாய் கதிரையில் உட்காரும்போதே தன் பெயர் கனகேஸ்வரி என்றும் அதை ஒரு எழுத்தும் விடாமல் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். புருசனின் கைபேசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய தாய் அன்னலட்சுமி, நெற்றி மட்டும் தெரிய, காத்திருந்தார். புருசன் ஃபோட்டோக்கொப்பி மெசினை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தான்.

நான் தொண்டையைச் செருமி என் முதலாம் சட்டத்தைச் சொன்னேன். எழில்நிலா என்ற பெயருக்குப் பக்கத்தில் லினா, சோஃபி என்று ஏதாவது சின்னதாக, மெல்லியதாக இருந்தால்தான் அழகு என்றேன். பெண்சாதி உடனே தலையாட்டினாள். கனகேஸ்வரியம்மா எழும்பி வெளியே போக ஆயத்தமானார். கைபேசியிலிருந்த நெற்றி கொஞ்சம் கீழே இறங்கி, கண்ணும் வாயும் தெரிந்தன. இங்கே பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்காது என்பது யாழ்ப்பாணம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே கேள்வியில் அன்னலட்சுமி இரண்டாம் பெட்டிக்குள் ஏறிவிட்டார்.

“தம்பி, அழகை விடும். மருமகள் வேலைக்குத் திரும்பிப் போகேக்க, விசா எடுத்து வந்து பிள்ளையைப் பாக்கிறது லினாவோ நானோ எண்டு கேட்டுச் சொல்லும்.”

யாழிசைக்கு வந்த பரலோகம்

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு என் சட்டமெல்லாம் செல்லாது. ரெஜினாவின் ஊர்க்காரர் ஒருவர் மகள் யாழிசைக்கு ஒரு புனிதரின் பெயர் போதும் என்றுதான் வந்தார். மரி என்று எழுதினோம். ஞானத்தாய்க்குத் தொலைபேசி எடுத்தார், தெரேஸ் சேர்ந்தது. மாமியார் கடல் கடந்து வரும்போது வைத்த நேர்த்திக்கடன் ஒன்று இருந்ததாம், அன்ரனெட் சேர்ந்தது. அவருடைய அண்ணன் விட்டுக்கொடுப்பாரா, புனித ஆன் வந்தாள். பெட்டி போதாமல் ரெஜினா தாளின் ஓரத்தில் எழுதினாள். அடுத்த மெட்ரோ நிலையம் ஸ்டாலின்கிராட் வரைக்கும் நீளும் போலிருந்தது.

ரெஜினா பக்தியுள்ளவள், ஞாயிறு பூசை தவறவிடாதவள். ஊர்க்காரர் போனதும் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“மோட்சத்தில பெயர் கூப்பிடேக்க, இந்தப் பிள்ளையின்ரை முறை முடியிறதுக்குள்ள மற்றவையின்ரை சோறு ஆறிப்போயிடும்.”

சப்பாத்துக் கடைக் கிளாரா

பொபினியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், இருபது வயதிருக்கும், இங்கேயே பிறந்தவள். சட்டையில் குத்துகிற பெயர்த்தகடு ஒன்று அடித்துத் தரச் சொன்னாள். பெயர் வெண்பா. சப்பாத்துக் கடையில் வேலையாம். கடைக்காரர்கள் தகடு தரவில்லையா என்று கேட்டேன். தந்திருந்தார்கள், அதில் கிளாரா என்று இருந்தது. தகப்பன் இரண்டாம் பெட்டியில் போட்ட பெயர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சுகமாக இருக்கட்டும் என்று இவளே அதைக் கொடுத்திருக்கிறாள்.

தாய்க்கு இது தெரியாது. போன சனிக்கிழமை மகளைப் பார்க்க ஆசையாய்ப் பலகாரத்தோடு கடைக்குப் போயிருக்கிறார். இனி என்ன நடந்தது என்பதை அவளே பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதியாகச் சொன்னாள். நான் தகட்டுக்குக் காசு வாங்கவில்லை.

“அங்கிள், அம்மா வெண்பா எங்கை எண்டு கேட்டவ, அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். பிறகு கிளாரா வந்து அம்மாவுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டாள்.”

என் வீட்டுத் தாள்

பேத்தி பிறந்தாள். நறுமுகை என்று பெயர். முதல் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்போம் என்று வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மா புஷ்பராணியும் அங்கே நின்றார். பிள்ளைக்கு மூக்கு நல்ல எடுப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் மூக்கைப் பற்றியே பேசினேன். “கேளுங்கோ அண்ணை, கேட்டால் மானம் போகாது” என்று ரெஜினா திட்டினாள். நாலாம் நாள் மருமகன் மேரிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டபோது கடையில் ஒரு கல்யாண அழைப்பிதழை இருநூறு பிரதி தலைகீழாக அடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் அபிராமி பிள்ளையோடு கடைக்கு வந்து, பிறப்புச் சான்றிதழை நாலு பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். மெசினில் வைக்கும்போது வாசித்தேன். நறுமுகை. இரண்டாவது, புஷ்பராணி. மூன்றாவது, தவமணி. மெசினின் மூடியை மூடாமல் நின்றேன். அழுதேன், அதை மறைக்கவில்லை. பிறகு என் புத்தி சும்மா இருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதை ஏன் பிள்ளை, ஒருத்தரும் வாசிக்காத மூன்றாம் பெட்டியில் போட்டனி, இரண்டாவதில் போட்டிருக்கலாமே என்று மகளிடம் கேட்டேன்.

“மாமி தன்ரை பெயரைப் போடச்சொல்லி வாய் திறந்து கேட்டவ, அப்பா. நீங்கள் அம்மாவுக்காகக் கேக்கேல்லை.”

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் மூன்றாம் பெட்டியை மட்டும் காலியாக விடக்கூடாது என்கிறேன், ஏன் என்று கேட்டால் அது பிரான்ஸ் நாட்டுச் சட்டம் என்கிறேன்.