ஐந்து மடங்கு குறைவு

அசோகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெங்களூர் நீலசந்திராவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி ஹெப்பகோடிக்கு வருவார். எங்கள் பருப்புக் கிடங்கின் கதவு இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. வண்டு விழுந்தால் கிடங்கை மூடி, பூண்டு வாடை அடிக்கும் விஷவாயு விடுவார்கள். மறுபடி திறப்பதற்கு முன், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவின் அளவை அவர் சாக்பீஸால் கதவில் எழுதுவார். அந்த எண் இல்லாமல் அவர் தாழ்ப்பாளைத் தொட்டதே கிடையாது.

போன ஆவணியில் ஒரு மத்தியானம், வாயு விட்ட கம்பெனி என் போனுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியது: நேற்றைவிட ஐந்து மடங்கு குறைவு. நான் அங்கே சூப்பர்வைசர்; எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். நேற்றைய அளவு பத்து. ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் ஆள் உள்ளே போகலாம். வெளியே லாரி காத்திருந்தது. பெருக்குகிற வள்ளியம்மா துடைப்பத்தோடு கதவருகே தயாராக நின்றாள்.

“அஞ்சு மடங்கு கொறஞ்சிடுச்சு. தொறங்க அண்ணா” என்றேன்.

“மிச்சம் எவ்ளோ சார்?”

“பத்துல ஒரு மடங்கு போனாலே சைபர். இது அஞ்சு மடங்கு. சுத்தமா ஒண்ணுமில்ல.”

அசோகன் கதவையே பார்த்தார். “அப்போ சைபருக்குக் கீழ இன்னும் நாலு மடங்கு எறங்கிப் போயிருக்கு. அங்க இன்னா சார் கீது?”

வள்ளியம்மா சிரித்தாள். “படிச்ச சாரையே மடக்குறியே! தொறய்யா, எனக்கு பஸ்ஸு போயிடும்.”

அவர் கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன். எலி ஓடவில்லை, சாக்கு உரசவில்லை. அத்தனை பெரிய இருட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. காகிதம் ஒட்டிய இடுக்கில் பூண்டு வாடை வந்தது. சுற்றுவட்டாரத்தில் அடுப்பே இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அளந்த பையன் சாதாரணமாகச் சொன்னான்: “அஞ்சுல ஒரு பங்குன்னு அர்த்தம் சார். உள்ள ரெண்டு இருக்கு.”

அசோகன் கதவில் 2 என்று எழுதினார். வள்ளியம்மா மெதுவாகப் பின்வாங்கினாள்.

“நான் போயிருந்தா எத்தினி மூட்டைய தாண்டியிருப்பேன்யா?”

“மொதல்ல ஒண்ணும் தெரியாது. தல வலிக்கும். செத்த ஒக்காரலாம்னு தோணும்” என்றார்.

நான் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தேன். அசோகன் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார், முதுகைக் கதவுக்குக் கொடுத்து, என்னைப் பார்த்தபடி.