மைக்செட்காரர் போட்ட கேசட்

திருச்சுழித் திருவிழாக் கூட்டத்தில் என் நான்கு வயது மகளைக் காணவில்லை. மைக்செட்காரரிடம் ஓடினேன். ஒல்லியான மனிதர்; பேசும்போதும் ஒரு காதைக் குழாய் ஸ்பீக்கர் பக்கமே சாய்த்திருந்தார். அவள் பெயரை அறிவித்தவர், சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு வேறு கேசட் போட்டார். வயலின்களோடு பலர் சேர்ந்து பாடும் அந்நிய மொழித் தேவாலய இசை. ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க ஒரு பாதிரியார் கொடுத்ததாம்.

"ஏலே, கோயில் வாசல்ல சர்ச் பாட்டா?" என்று கத்தினார் வளையல் கடைக்காரர்.

"சினிமாப் பாட்டு நாலு பக்கமும் கேக்குது. இது இங்க மட்டுந்தான். எங்கிட்டுக் கேக்குதுன்னு பிள்ளை தேடி வரும்லே. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வந்தாள், ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடியே. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"பாட்டு முடியட்டும் சார், கேட்டுட்டுப் போங்க" என்றார் மைக்செட்காரர்.

கேசட் உறையில் இருந்தது, பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய, அதிகம் பேர் அறியாத ஒரு ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயர். அவருடைய கேசட்டுகளை மதுரையிலும் சென்னையிலும் தேடிச் சேர்த்திருக்கிறேன். இப்போது மகளின் கல்லூரி பஸ் தாமதமானால், அதில் ஒன்றைத் தெருவுக்கே கேட்கும்படி போட்டுவிடுகிறேன். அவள் வந்து, "நிறுத்துங்கப்பா, வந்துட்டேன்" என்று சொல்லும்வரை அந்த மைக்செட்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.