இரண்டு பெட்டியில் ஒன்று

அன்றைக்கு நின்றவர்களைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றத்தில் அப்பா, அம்மா, நான், ஏணியோடு வந்த கேபிள்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும். வேறு ஒருவரும் இல்லை. பெரியம்மாவின் ஆடும் நின்றது, ஆனால் அதைக் கடைசியில்தான் ஒருவர் கவனித்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சண்டிலிப்பாயில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்கு இரண்டு கேபிள் கொம்பனிகள் வந்திருந்தன. ஒன்று சுன்னாகத்துக் கொம்பனி, மற்றது மானிப்பாய்க் கொம்பனி. இரண்டும் ஏதோ ஒரு மொட்டைமாடியில் ஒரு டிஷ்ஷோடு தொடங்கி, பனையிலும் கம்பத்திலும் வயரை இழுத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வளர்ந்தவை. வயர் நீள நீளப் படம் மங்கும். அதைத் தூக்கிவிட, வழியில் யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை வைத்து, அந்த வீட்டுக் கரண்டிலேயே கொளுவிவிடுவார்கள். இடம் கொடுத்த வீட்டுக்கு ரீவி இலவசம். சுன்னாகத்துப் பெட்டி எங்கள் சுவரில் ஏறியது. அடுத்த கிழமையே மானிப்பாய்ப் பெட்டி பெரியப்பா வீட்டுச் சுவரில் ஏறியது.

சண்டை அதிலிருந்துதான் வந்தது. பெரியப்பா வீட்டுப் படம் எங்களுடையதைவிட நாலைந்து செக்கன் முந்தி வரும். கிரிக்கெட் என்றால் அவர் வேலிக்கு அப்பால் கைதட்டி முடித்த பிறகுதான் எங்கள் ரீவியில் பந்து போடுவார்கள். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். ஒருநாள் வேலியைப் பார்த்து, "சில பேருக்கு வாயை மூடிக்கொண்டு பாக்கத் தெரியாது" என்றார்.

"பழசைப் பாக்கிற ஆக்களுக்காண்டி எங்கடை வாயை மூடேலாது" என்றது வேலி.

அதோடு பேச்சு நின்றது. நான் பெரியப்பா வீட்டுக்கு நுழைந்து போகிற வேலிப் பொட்டை, அந்தச் சின்ன இடைவெளியையும், அப்பா பனையோலையால் அடைத்துவிட்டார்.

பிறகு இரண்டு கொம்பனிகளும் ஒன்றாகிவிட்டன. அதைச் சொல்லத்தான் கேபிள்காரர் வந்தார்.

"இனி ஒரே கொம்பனி ஐயா, ஒரே வயர். ரெண்டு பெட்டி தேவையில்லை, ஒண்டைக் கழட்டப் போறன். ஆரின்ரை சுவரிலை இருக்கிறது எண்டு நீங்களே கதைச்சுச் சொல்லுங்கோ."

பெட்டி போனால் இலவசம் போகும். இலவசம் போனால் அப்பா ரீவியை வெட்டிவிடுவார். நான் போய்ப் பெட்டிக்குக் கீழே சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். பெரியப்பாவும் விடமாட்டார், அப்பாவும் விடமாட்டார், இன்றைக்கு அந்த ஏணியாலேயே அடிபடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா வேலியடிக்குப் போனார்.

"அண்ணை" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "நீங்கள் மூத்தவர். உங்களிட்டையே இருக்கட்டும்."

"சீச்சீ, என்ன கதை கதைக்கிறாய் தம்பி. நீ சின்னப்பிள்ளை வைச்சிருக்கிறாய். உன்னட்டை இருக்கட்டும்."

"அவன் எங்கை ரீவி பாக்கிறான். அவனுக்குப் படிப்பெல்லோ."

"ஓம், அவன் படிச்ச மாதிரித்தான்" என்றார் பெரியம்மா. அவர் கணிப்புப் பிழையாகவில்லை. எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன்.

"இல்லை அண்ணை, நீங்கள் வைச்சிருந்தால்தான் எனக்கு மனம் ஆறும்."

"உன்னட்டை இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்."

அண்ணன் தம்பி பாசம் என்பது இதுதான் என்று நினைத்தேன். அம்மா ஏனோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கேபிள்காரர் ஏணியைச் சாத்திவிட்டு, "ரெண்டு பேரும் வேண்டாமெண்டால் நான் பெட்டியை அந்த ஆட்டிலையோ கட்டுறது?" என்று கேட்டார். அதற்கும் இருவரும் அசையவில்லை. கடைசியில் கேபிள்காரரே ஒரு பேரத்துக்கு இறங்கி வந்தார். "பெட்டி இருக்கிற வீட்டுக்கு ரீவி முந்தின மாதிரிச் சும்மா. இனிக் கரண்டுக்கு மாதம் இருநூற்றைம்பது ரூபாயும் கொம்பனி தரும்."

"அப்பிடியெண்டால் என்ரை சுவரிலையே இருக்கட்டுமன்" என்றார் பெரியப்பா.

"இல்லை அண்ணை. நீங்கள் தந்தது தந்ததுதான்."

பெட்டி எங்கள் சுவரிலேயே தங்கியது. அன்று பின்னேரமே அப்பா வேலிப் பொட்டைத் திறந்தார். முதலில் ஆடு வந்தது, பிறகு பெரியப்பா வந்தார். அவர் வீட்டில் இனிக் காசு கட்ட வேண்டுமாம், அதனால் எங்கள் வீட்டில் இருந்தே கிரிக்கெட் பார்த்தார். இருவரும் ஒரே செக்கனில் கைதட்டினார்கள்.

சொந்தமாகக் கரண்ட் பில் கட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. அந்தப் பெட்டி இரவு பகலாகக் கரண்ட் குடித்திருக்கிறது. இலவச ரீவியைவிடப் பில் கூட வந்திருக்கிறது. அது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. மற்றவருக்கும் தெரியும் என்பது மட்டும்தான் இருவருக்கும் தெரியாது.

ஒன்றான கொம்பனி கொஞ்சக் காலம் ஒழுங்காகக் காசு தந்தது. பிறகு மூன்று மாதம் தரவில்லை. அதற்குள் அதை யாழ்ப்பாணம் டவுனில் இருந்த பெரிய கொம்பனி ஒன்று வாங்கிவிட்டது. அதைக் கொழும்புக் கொம்பனி வாங்கியது. கொம்பனிக் கந்தோரின் பெயர்ப்பலகை மாறுகிற ஒவ்வொரு முறையும் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய் அந்த மூன்று மாதக் காசைக் கேட்பார்கள். பழைய கொம்பனியைக் கேளுங்கோ என்று அங்கே சொல்லுவார்கள். இருவரும் வடையும் பிளேன்ரீயும் முடித்து, வழக்கில் வென்ற ஆட்களைப்போல வீட்டுக்கு வருவார்கள்.

இன்றைக்கு அந்த வயரில் படம் வருவதில்லை. பெட்டிக்குள் எறும்பு குடியிருக்கிறது. அவர்கள் இன்னும் போகிறார்கள். பெற்றோல் காசு எவ்வளவு, பெரியப்பாவின் கண் எப்படி, தெருவில் லொறி வருமே என்றெல்லாம் முதலில் நான் பயந்தேன். இப்போது வேறு பயம். ஒருநாள் அந்தக் கொம்பனி காசைத் தந்துவிட்டால், இந்த இரண்டு பேரும் பிறகு எங்கே போவார்கள்?

நல்லகாலம், இன்னும் தரவில்லை. எங்களுக்கு வரவேண்டியது எழுநூற்றைம்பது ரூபாய்.