நான் சொன்ன முதல் ‘முடியாது’

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் மகள் ஷைனி பட்டுப்புடவை எடுத்துத் தருவாள் என்று நினைத்து, டெய்லரிடம்கூட முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பெங்களூரிலிருந்து அவள் அனுப்பியது ஒரு லிங்க். நடுவயதுப் பெண்கள் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு தங்களைத் தாங்களே நேசிக்கப் பழகுவதற்கான ஆன்லைன் வகுப்பாம்.

“அம்மா, நீ உன்னையே லவ் பண்ணக் கத்துக்கணும்,” என்றாள் போனில்.

“உங்கப்பாவ லவ் பண்ணதுக்கே இன்னும் அனுபவிச்சிகினு கீறேன்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டிருந்தாள்.

என் பெயர் ஐரீன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ராயபுரம்தான். கணவர் வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் போடும் வேலை. ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்திலேயே ஓடுவதால், அங்கே கத்தினால்தான் பேச்சு. ஆனால் பெரிய மனிதர்கள் யாராவது எதிரே வந்துவிட்டால் அந்தத் தொண்டை எங்கே போகும் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பைபிள் வாசிக்க என்னை நிறுத்தினார்கள். ‘வாழ்வு’ என்பதை நான் ‘வாய்வு’ என்று படித்தேன். டீச்சர் புத்தகத்தை வாங்கி அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவதோடு சரி. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாமாதம் கூடி ஜெபிக்கிற அன்பியத்திலும் மற்றவர்கள் ஜெபம் சொல்வார்கள், நான் டீ போடுவேன். திருவிழாப் பூசையில் மைக் முன்னால் நின்று பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தது. வால்டரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் டீக்கடை வரைக்கும் போய்விடும்.

வகுப்பு எடுத்தவள் ரூஹி. முப்பது வயதுதான் இருக்கும். பின்னால் ஒரு செடி, ஒரு விளக்கு, தேன் தடவிய குரல். முதல் வாரம், கண்ணாடியைப் பார்த்து ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்லச் சொன்னாள். எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு காலையில், முகத்தில் எண்ணெய் வழிய, நானும் சொன்னேன்.

“யாராண்ட பேசிகினு கீற மே?” என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வால்டர்.

“என்னாண்டதான்.”

“அதுவும் பதில் சொல்லுதா?”

அந்தப் பயிற்சி அத்தோடு நின்றது.

அடுத்த வாரம் இன்னும் கஷ்டம். பிடிக்காத வேலையை யாராவது சொன்னால், காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல், ‘முடியாது’ என்று சொல்ல வேண்டுமாம். வால்டரிடம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன். “டீ போடுறியா?” என்றார். வாயைத் திறந்தேன். “சக்கர கம்மியா போடட்டா?” என்றுதான் வந்தது.

எனக்கே வெட்கமாகிவிட்டது. அடுத்து யார் எது கேட்டாலும் விடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தபோது, எங்கள் அன்பியத் தலைவி ஜானட் போன் செய்தாள்.

“ஐரீனு, திருவிழா வருதில்ல, உன்னால ஒரு காரியம்…”

“முடியாது.”



“இன்னா ஏதுன்னு நீ கேக்கவேல்லியே.”

“எதுவா இருந்தாலும் முடியாது ஜானட்டு.”

“சரி, வுடு,” என்று வைத்துவிட்டாள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ரூஹி கைதட்டினாள். முகம் தெரியாத பெண்களெல்லாம் திரையில் இதயமாக அனுப்பினார்கள். இரண்டு நாள் ஐஸ் கம்பெனிக்கு மகாராணி மாதிரி போய் வந்தேன்.

மூன்றாம் நாள் வால்டர் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். “ஜானட்ட பார்த்தேன். திருவிழாவுல மொத வாசகம் படிக்க உன்ன கூப்ட்டுச்சாம், நீ முடியாதுன்னுட்டியாமே. நல்லதாப் போச்சு, அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு,” என்றபடி பையைச் சிங்க்கில் வைத்தார்.

அந்த மீனைக் கழுவிக்கொண்டே அழுதேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாகப் பேசினேன். அதையும் போய் எங்கே செலவழித்திருக்கிறேன் பாருங்கள். ரூஹிக்கு எழுதினேன். “கவலைப்படாதீங்க, பிரபஞ்சம் வேற வாய்ப்பு தரும்,” என்று பதில் வந்தது. ராயபுரத்துக்கு பஸ்ஸே நேரத்துக்கு வருவதில்லை. பிரபஞ்சத்துக்காக நான் எங்கே காத்திருப்பது? செருப்பை மாட்டிக்கொண்டு ஜானட் வீட்டுக்கே போனேன்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு மறந்துபோனது.

“அந்த வாசகத்த நான் படிக்கிறேன்.”

“நீதான முடியாதுன்ன?”

“டீ போட கூப்புடுறன்னு நெனச்சிட்டேன்.”

ஜானட் துணியைக் கொடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “புடிக்காமதான் இத்தினி வருசம் டீ போட்டியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன். கடைசியில், “வாசகத்த நம்ம அன்பியத்து கிறிஸ்டினாவுக்குக் குடுத்துட்டேன், திரும்ப வாங்க முடியாது. பூசை முடிஞ்சி அறிவிப்பு கீது, படிக்கிறியா?” என்றாள்.

படிக்கிறேன் என்றேன்.

திருவிழா அன்று மாலை கோயில் நிரம்பி வழிந்தது. கிறிஸ்டினா முதல் வாசகத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் முறை வந்ததும், பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக நாக்கை மடித்து மடித்து நன்றி அறிவிப்பைப் படித்தேன். பாதியில் யாரோ ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை ஸ்கூட்டர் நிற்கிறது, தேர் வெளியே போக வழியில்லை. அவ்வளவுதான், படித்துப் பழகிய தமிழ் பறந்துபோய் ஐஸ் கம்பெனித் தொண்டை வந்துவிட்டது.

“வெள்ள ஸ்கூட்டர் யாருதுப்பா? தேரு போவணும். சாவி எட்துகினு வாங்க.”

தெருக்கோடி வரை ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதோடு விட்டேனா, சீட்டில் இருந்த நம்பரையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கடைசி எண்ணைச் சொல்லும்போதுதான் அது எங்கள் வண்டி என்று உறைத்தது. நாலாவது வரிசையிலிருந்து வால்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஜனம் சிரித்தது. ஃபாதரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஓடி ஒளியலாமா என்று இருந்தது. ஆனால் இன்னும் நாலு வரி பாக்கி இருந்ததே. அதையும் அதே தொண்டையில் படித்து முடித்தேன்.

இனிமேல் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வால்டர் என்னோடு பேசவில்லை. மறுநாள் ஜானட் போன் செய்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம அறிவிப்பும் நீயே படி. கடைசி பெஞ்சு வரைக்கும் நல்லா கேக்குதாம்.”

இந்த முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன். அன்றிலிருந்து அறிவிப்பு என் வேலை. வகுப்பும் முடிந்தது. என்னை நான் நேசிக்கிறேனா என்று ஷைனி கேட்டால், பழகிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிறேன். முதல் வாசகம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அடுத்த திருவிழா சமயத்தில் கிறிஸ்டினா தன் மகளின் பிரசவத்துக்காக திருச்சிக்குப் போகிறாளாம். நேற்று ஜானட்டிடம் இந்தச் சேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். சும்மா, பேச்சுவாக்கில்தான்.